உருமாறும் மாதிரிகளும் மதுரையின் விழித்திரைப் படங்களும்

மருத்துவப் படம் ஒன்றில் ஓர் உறுப்பின் எல்லையைக் கண்டறிய, தன் வடிவை மாற்றிக்கொண்டே நகரும் கோட்டையோ பரப்பையோ பயன்படுத்தும் கணிமுறைகள் உருமாறும் மாதிரிகள் எனப்படுகின்றன. 1980களின் இறுதியில் உருவான இம்முறைகள் இதயம், ஈரல், மூளை போன்ற உறுப்புகளின் படங்களில் விரிவாகப் பயன்பட்டன. கண்ணின் பின்புறத்தில் உள்ள பார்வை நரம்பு வட்டும் அவ்வாறு ஆராயப்பட்ட பகுதிகளில் ஒன்று.

பார்வை நரம்பு வட்டின் எல்லையைக் கணினி கொண்டு வரையும் ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரு தனி இடம் உண்டு. அங்கு எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு ஐதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் 2011-ல் ஓர் உருமாறும் மாதிரியை வெளியிட்டனர். 2014-ல் அதே மருத்துவமனையின் 101 படங்கள், வல்லுநர்கள் வரைந்த எல்லைக்கோடுகளுடன், ஆய்வுலகுக்குத் திறந்துவிடப்பட்டன. அதன் பின் கணிமுறைகள் பெரிதும் மாறிவிட்டன. ஆனால் அந்தப் படங்களும் அவற்றின் மேல் மனிதக் கை வரைந்த கோடுகளும் புதிய முறைகளைச் சோதிக்கும் உரைகல்லாக நீடித்தன.

பார்வை நரம்பு வட்டும் குழியும்

விழித்திரையிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் நரம்பு இழைகள் ஓரிடத்தில் கூடி மூளைக்குச் செல்கின்றன. அவை கண்ணை விட்டு வெளியேறும் இடமே பார்வை நரம்பு வட்டு. விழித்திரைப் படத்தில் அது மஞ்சள் கலந்த வெளிர்நிற வட்டமாகத் தெரியும். வட்டின் நடுவே சற்று அதிகமாக வெளுத்த ஒரு பள்ளம் இருக்கும். அதைக் குழி என்பர். குழிக்கும் வட்டின் ஓரத்துக்கும் இடைப்பட்ட விளிம்பில்தான் நரம்பு இழைகள் நிறைந்துள்ளன.

குளுக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோயில் இந்த இழைகள் சிறிது சிறிதாக அழிகின்றன. இழைகள் குறையக் குறைய விளிம்பு மெலிந்து குழி அகலமாகிறது. குழியின் செங்குத்து விட்டத்தை வட்டின் செங்குத்து விட்டத்தால் வகுத்தால் குழி-வட்டு விகிதம் கிடைக்கும். 1960களில் மன்சூர் ஆர்மலியின் ஆய்வுகள் இந்த அளவைப் பரவலாக்கின. நலமான கண்களில் இது பெரும்பாலும் 0.3 அளவில் இருக்கும். 0.6, 0.7 என்று ஏறினால் ஐயம் எழும். இரு கண்களுக்கிடையே 0.2 வேறுபாடு இருந்தாலும் மருத்துவர் கூர்ந்து பார்ப்பார். இயல்பிலேயே பெரிய வட்டு உடையவர்களுக்குக் குழியும் பெரிதாக இருக்கும் என்பதால் இந்த எண் மட்டுமே நோயை முடிவு செய்வதில்லை. பார்வைப் புலச் சோதனையும் கண் அழுத்த அளவும் உடன் தேவை.

விகிதம் ஒரு எளிய வகுத்தல் கணக்குதான். வகுக்க வேண்டிய இரண்டு எல்லைகளும் எங்கே இருக்கின்றன என்பதில்தான் சிக்கல். ஒரே படத்தைப் பார்க்கும் தேர்ந்த மருத்துவர்களிடையே 0.1 அல்லது 0.2 அளவுக்கு வேறுபாடு வருவது கண் மருத்துவத்தில் அறியப்பட்ட செய்தி.

மதுரைப் பின்னணி

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தி, கண்புரை உள்ளவர்களை மருத்துவமனைக்கு அழைத்து வந்து அறுவை செய்து அனுப்புவது அதன் முதன்மைப் பணியாக வளர்ந்தது.

கண்புரை வந்தவருக்குத் தன் பார்வை மங்குவது தெரியும். அறுவைக்குப் பின் பார்வை திரும்பும். கண்நீர் அழுத்த நோய் இரண்டிலும் நேர்மாறானது. மிகுதியாகக் காணப்படும் திறந்த கோண வகையில் வலி இல்லை. பக்கப் பார்வையிலிருந்து இழப்பு தொடங்குவதால் நோயாளிக்கு நெடுநாள் எதுவும் தெரிவதில்லை. இழந்த பார்வையை எந்த மருத்துவத்தாலும் மீட்க முடியாது. சொட்டு மருந்தோ லேசர் சிகிச்சையோ அறுவையோ எஞ்சிய பார்வையைக் காக்க மட்டுமே உதவும். ஆகவே நோயாளி தாமாக வரும்வரை காத்திருப்பது பார்வை போனபின் வைத்தியம் பார்ப்பதாக முடிகிறது.

இதன் அளவை அரவிந்த் விரிவான கண் ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்கள் மூன்றில் 50 இடங்களைத் தேர்ந்து, 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைச் சோதித்த ஆய்வு இது. கண்நீர் அழுத்த நோய் குறித்த அதன் முடிவுகள் 2003-ல் வெளியாயின. சோதிக்கப்பட்டவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வகைக் கண்நீர் அழுத்த நோய் இருந்தது. திறந்த கோண வகை நோய் கண்டவர்களில் 93 விழுக்காட்டினருக்கு அதற்கு முன் அந்நோய் கண்டறியப்பட்டிருக்கவில்லை. அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ ஏற்கெனவே அந்நோயால் பார்வை இழந்திருந்தனர்.

கண் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது. அழுத்தம் இயல்பான அளவில் இருக்கும்போதே நரம்பு அழிவதும் உண்டு. பார்வை நரம்பு வட்டைப் பார்த்தாக வேண்டும். ஆனால் வட்டைப் பார்த்துச் சொல்லும் பயிற்சி பெற்றவர்கள் நகரங்களில் இருந்தனர். நோயாளிகள் பெருமளவில் கிராமங்களில் இருந்தனர். 2000களின் நடுவில் தேனி அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றூர்களின் பார்வை மையங்களுடன் நெடுந்தூர வை-ஃபை மூலம் இணைக்கும் பணியில் பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈடுபட்டனர். நோயாளி நகருக்கு வராமலே அவரது கண்ணை மருத்துவர் பார்க்க வழி பிறந்தது. படம் வந்து சேர்ந்துவிடும் என்றால், அதில் எல்லையைக் கணினியே வரைந்து ஐயத்துக்குரியவற்றைப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி.

பாம்பின் பிறப்பு

அந்தக் கேள்விக்குப் பயன்பட்ட கருவி கண் மருத்துவத்துக்காக உருவானதல்ல. மைக்கேல் காஸ், ஆண்ட்ரூ விட்கின், டிமிட்ரி டெர்சோபவுலோஸ் ஆகிய மூவரும் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் ஷ்லம்பர்ஜர் நிறுவன ஆய்வகத்தில் இதை வகுத்தனர். 1987-ல் மாநாட்டிலும் 1988-ல் ஆய்விதழிலும் கட்டுரை வெளியானது. படத்தின் மீது நெளிந்து ஊர்ந்து சென்று எல்லையில் படிந்துகொள்வதால் தங்கள் கோட்டுக்குப் பாம்பு என்று பெயர் வைத்தனர். இயங்கு வரம்பு என்பது அதன் பொதுப்பெயர்.

அதற்கு முன் எல்லை காணும் முறைகள் பெரும்பாலும் படப்புள்ளிகளில் ஒளி திடீரென மாறும் இடங்களைத் தேடின. இரைச்சல் மிகுந்த மருத்துவப் படத்தில் அவ்வாறு கிடைப்பவை துண்டு துண்டான கோடுகள். உறுப்பின் எல்லையோ அறுபடாத ஒரே கோடு. பாம்பு முறை, கோடு முழுமையாக இருக்க வேண்டும் என்பதிலிருந்தே தொடங்கியது. ரப்பர் வளையத்தைப் போன்ற ஒரு கோட்டைப் படத்தின் மேல் வைக்கிறார்கள். அதற்குள் ஒரு விசை அதிகமாக நீளாமலும் முறுக்கி வளையாமலும் காக்கிறது. படத்திலிருந்து வரும் இன்னொரு விசை ஒளி மாறும் இடங்களை நோக்கி இழுக்கிறது. இரண்டின் ஆற்றலும் சேர்ந்து மிகக் குறைவாகும் நிலையில் கோடு ஓய்கிறது. எல்லை மங்கலான இடத்தில் கோடு தன் மென்மையால் இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. தவறான இடத்தில் கோடு சிக்கினால் பயனர் அதைச் சுருள்வில் போன்ற விசையால் இழுக்கவும் எரிமலை என்று பெயரிட்ட விசையால் தள்ளவும் அந்தக் கட்டுரை வழி செய்திருந்தது. மனிதரும் கோடும் சேர்ந்து செய்யும் வேலையாகவே அவர்கள் அதைக் கருதினர்.

முதல் பாம்புக்குக் குறைகள் இருந்தன. எல்லைக்கு அருகில் வைத்தால்தான் சரியாகச் சென்று சேரும். இல்லாவிட்டால் சுருங்கிவிடும். 1991-ல் லாரன் கோஹன் உள்ளிருந்து ஊதிப் பெருக்கும் பலூன் விசையைச் சேர்த்தார். 1990களின் இறுதியில் சென்யாங் சூ, ஜெரி பிரின்ஸ் இருவரும் எல்லையின் ஈர்ப்பைத் தொலைவு வரை பரப்பும் முறையை வெளியிட்டனர்.

இன்னொரு குறை, ஒரு கோடு இரண்டாகப் பிரியவோ இரண்டு கோடுகள் ஒன்றாகவோ இயலாதது. ஸ்டான்லி ஓஷரும் ஜேம்ஸ் செத்தியனும் 1988-ல் தீப்பரவல் முதலிய இயற்பியல் சிக்கல்களுக்காக வெளியிட்ட மட்டக்கோட்டு முறை இதற்குத் தீர்வானது. மதுரைச் சமவெளியின் கண்மாய்களைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். கண்மாயின் கரையோரக் கோட்டை யாரும் வரைவதில்லை. நிலத்தின் மேடுபள்ளமும் நீர்மட்டமும் சந்திக்கும் இடமே அந்தக் கோடு. நீர் ஏறினால் அடுத்தடுத்த இரண்டு பள்ளங்களின் கரைகள் தாமாகவே ஒன்றாகும்; வடிந்தால் பிரியும். அதுபோல எல்லைக்கோட்டை நேரடியாக நகர்த்தாமல், ஒரு பரப்பை மாற்றி, அதன் குறிப்பிட்ட மட்டத்தில் தெரியும் கோட்டை எல்லையாகக் கொண்டனர். 1990களில் விசென்ட் கசேயஸ் குழுவினரும், ரவிகாந்த் மல்லாடி, செத்தியன், பாபா வெமுரி ஆகியோரும் இதைப் படங்களுக்குக் கொண்டுவந்தனர்.

2001-ல் டோனி சான், லுமினிட்டா வெசே இருவரும் எல்லையில் கூர்மையான ஒளி மாற்றமே தேவையில்லை என்றனர். கோட்டுக்கு உள்ளிருக்கும் பகுதியின் சராசரியும் வெளியிலிருக்கும் பகுதியின் சராசரியும் வேறுபடும்படி கோட்டை நகர்த்தினால் போதும் என்பது அவர்கள் முறை. மங்கலான எல்லை கொண்ட உறுப்புகளுக்கு இது பெரிதும் உதவியது.

இவற்றுக்கு இணையாக மான்செஸ்டரில் டிம் கூட்ஸ், கிறிஸ் டெய்லர் குழுவினர் 1995-ல் இயங்கு வடிவ மாதிரியை விரிவாக வெளியிட்டனர். மனிதர்கள் குறியிட்ட படங்களிலிருந்து உறுப்பின் வடிவம் எப்படியெல்லாம் மாறக்கூடும் என்பதைக் கற்று, அந்த வரம்புக்குள் மட்டுமே கோட்டை உருமாற விட்டது அம்முறை. மனிதர் வரைந்த கோட்டிலிருந்து கணினி கற்கும் பழக்கம் இங்கேயே வேரூன்றியது. இதயத்தின் இடக் கீழறை, ஈரல், மூளையின் மடிப்புகள் என்று பல உறுப்புகளுக்கு உருமாறும் மாதிரிகள் பரவின. 2006-ல் அறிமுகக் கட்டுரை வெளிவந்த ஐடிகே-ஸ்னாப் என்ற இலவச மென்பொருள் தன் பெயரிலேயே பாம்பைத் தாங்கியுள்ளது.

கண்ணுக்குள் வந்த பாம்பு

பார்வை நரம்பு வட்டுக்குப் பாம்பு முறையைப் பயன்படுத்தும் முயற்சிகள் 1990களின் இறுதியில் தெரியத் தொடங்கின. 1999-ல் மெண்டல்ஸ், ஹெனகன், திரான் ஆகியோரும், 2004-ல் பிரிட்டனில் லோவல் குழுவினரும் இத்தகைய முறைகளை வெளியிட்டனர்.

வட்டு பார்ப்பதற்கு எளிய உருவம்தான். எல்லை காண்பதற்கு அது கடினமானது. பெரிய ரத்தக் குழாய்கள் வட்டின் ஓரத்தைக் குறுக்கே கடப்பதால், பாம்பு வட்டின் ஓரத்தை விட்டுவிட்டுக் குழாயின் ஓரத்தைப் பற்றிக்கொள்ளும். சிலருக்கு வட்டைச் சுற்றி விழித்திரை நலிந்து வெளுத்த வளையம் இருக்கும். பாம்பு அந்த வளையத்தின் வெளி ஓரத்தில் போய்ப் படிந்தால் வட்டு பெரிதாகி, விகிதம் குறைந்து, நோயுள்ள கண் நலமான கண்ணாகத் தோன்றும். இந்த நலிவு கண்நீர் அழுத்த நோயுள்ள கண்களில் கூடுதலாகக் காணப்படுவது என்பதால் தவறு நேரும் இடமும் நோய் இருக்கும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

குழி இன்னும் கடினம். அது ஆழம் சார்ந்தது. ஒற்றைப் படத்தில் ஆழம் தெரியாது. வெளுப்பு மட்டும் தெரியும். வெளுப்பின் எல்லையும் பள்ளத்தின் எல்லையும் எப்போதும் ஒன்றல்ல.

2011 ஆய்வு

கோபால் தத் ஜோஷி, ஜெயந்தி சிவசாமி ஆகிய ஐதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்களும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கண்நீர் அழுத்த நோய் வல்லுநர் எஸ். ஆர். கிருஷ்ணதாஸும் இணைந்து எழுதிய கட்டுரை 2011-ல் மருத்துவப் படவியலுக்கான ஐஈஈஈ ஆய்விதழில் வெளியானது. 2003-ல் வந்த கண் ஆய்வு முடிவுகளின் ஆசிரியர்களிலும் கிருஷ்ணதாஸ் ஒருவர்.

வட்டுக்கு அவர்கள் சான்-வெசே முறையைத் திருத்தி எடுத்துக்கொண்டனர். மூல முறை வட்டின் உட்பகுதி முழுவதற்கும் ஒரே சராசரியைக் கொள்ளும். வட்டின் ஒரு புறம் வெளிர்ந்தும், குழாய்கள் நெருங்கிய மறுபுறம் இருண்டும் இருக்கையில் அந்தச் சராசரி எதையும் சரியாகக் குறிக்காது. எனவே கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் அதன் அருகிலுள்ள சிறு பகுதியை மட்டும் வைத்து உள்ளும் புறமும் ஒப்பிட்டனர். நிறத்தோடு படத்தின் இழையமைப்பைக் குறிக்கும் அளவுகளையும் சேர்த்தனர். வெளுத்த வளையமும் வட்டும் நிறத்தால் ஒத்திருந்தாலும் இழையமைப்பால் வேறுபடக்கூடும் என்பது இதன் பயன்.

குழிக்கு அவர்கள் மருத்துவரின் கண் செய்வதைப் பின்பற்றினர். விழித்திரையின் மேல் ஓடிவரும் சிறு குழாய் குழியின் ஓரத்தை அடையும்போது பள்ளத்துக்குள் இறங்குவதால் வளைகிறது. வெளுப்பை விட இந்த வளைவையே தேர்ந்த மருத்துவர்கள் நம்புவர். குழாய்களில் பல வளைவுகள் உண்டு. அவற்றில் குழியின் ஓரத்தைக் காட்டுபவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றை ஒரு வளைகோட்டால் இணைத்தது அந்த முறை. குழாய்கள் இல்லாத பக்கத்தில் அக்கோடே இடைவெளியை நிரப்பியது.

138 படங்களில் இது சோதிக்கப்பட்டது. அவற்றில் 33 நலமான கண்களின் படங்கள், 105 நோயுள்ள கண்களின் படங்கள். மூன்று வல்லுநர்கள் வரைந்த எல்லைகளோடு ஒப்பிட்டபோது செங்குத்துக் குழி-வட்டு விகிதத்தில் சராசரிப் பிழை 0.09 ஆக இருந்தது. வல்லுநர் 0.6 என்று சொல்லும் இடத்தில் கணிமுறை சராசரியாக 0.51 அல்லது 0.69 என்ற அளவுக்கு விலகும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மருத்துவர்களுக்குள் வரும் வேறுபாட்டின் அளவுதான் இது. ஆயினும் ஐயத்துக்குரிய எல்லையில் நிற்கும் கண்களுக்கு அந்த விலகலே முடிவை மாற்றிவிடும்.

திருஷ்டி-ஜிஎஸ்

ஒரு கணிமுறை தவறியது என்று சொல்ல, சரியான கோடு எது என்று முதலில் தெரிய வேண்டும். மருத்துவர்களே வேறுபடும் இடத்தில் அந்தச் சரியான கோடு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. மேலும் ஒவ்வொரு ஆய்வுக்குழுவும் தன்னிடமுள்ள படங்களில் மட்டும் சோதித்ததால் முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது கடினமாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரிகா, ஸ்பெயினிலிருந்து ரிம்-ஒன் ஆகிய படத்தொகுப்புகள் அக்காலத்தில் உருவாகியிருந்தன.

2014-ல் ஐதராபாத்–மதுரைக் குழு திருஷ்டி-ஜிஎஸ் என்ற தொகுப்பை அறிவித்தது. அதில் உள்ள 101 படங்களும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் எடுக்கப்பட்டவை. நோயாளிகள் 40 முதல் 80 வயதுக்கு உட்பட்டவர்கள். 50 படங்கள் கணிமுறைகளுக்குப் பயிற்சி தரவும் 51 படங்கள் சோதிக்கவும் பிரிக்கப்பட்டன.

ஒவ்வொரு படத்திலும் வட்டையும் குழியையும் நான்கு வல்லுநர்கள் தனித்தனியாக வரைந்தனர். அவர்களின் அனுபவம் முறையே 3, 5, 9, 20 ஆண்டுகள். நால்வரின் கோடுகளில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளிவிடவில்லை. நான்கையும் சேர்த்து, ஒவ்வொரு படப்புள்ளியும் எத்தனை பேர் கருத்தில் உள்ளே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை ஆக்கினர். நால்வரும் ஒத்த இடம் உறுதியான இடம். இருவர் உள்ளே என்றும் இருவர் வெளியே என்றும் சொன்ன இடம் ஐயமான இடமாகவே பதிவானது. குழியின் ஓரம் பல கண்களில் மெல்லிய கோடு அல்ல, அகன்ற ஒரு பட்டை என்பதை இத்தொகுப்பு தன் அமைப்பிலேயே ஏற்றுக்கொண்டது.

நரம்பு வலைகளின் காலம்

2015-ல் ஜெர்மனியின் பிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஓலாஃப் ரோனபெர்கர் குழுவினர் யூ-நெட் என்ற நரம்பு வலையை வெளியிட்டனர். மனிதர் எல்லையிட்ட படங்களைக் காட்டினால், ஒவ்வொரு படப்புள்ளியும் உறுப்புக்குள் உள்ளதா வெளியே உள்ளதா என்பதை அது தானே கற்றுக்கொண்டது. விசைகளையும் ஆற்றலையும் ஆய்வாளர் கையால் வகுக்கும் தேவை குறைந்தது. சில ஆண்டுகளில் உறுப்பு எல்லை காணும் பணியின் பெரும்பகுதி இவ்வகை வலைகளுக்கு மாறியது.

2017-ல் ஆர்ட்டெம் செவஸ்டோபோல்ஸ்கி வட்டுக்கும் குழிக்கும் யூ-நெட்டைத் திருத்தியமைத்தபோது பயன்படுத்திய தொகுப்புகளில் திருஷ்டி-ஜிஎஸ்ஸும் ஒன்று. ஓரிடத்துப் படங்களில் கற்ற வலை வேறோர் இடத்துக் கேமராவின் படங்களில் தடுமாறுவதை ஆராய்ந்தவர்களும் மதுரைப் படங்களை எடுத்தாண்டனர். உருமாறும் மாதிரிகளின் சிந்தனையும் மறைந்துவிடவில்லை. புள்ளி புள்ளியாகத் தீர்ப்புச் சொல்லும் வலை சில நேரம் ஓட்டை விழுந்த, முனை நீண்ட வடிவங்களைத் தரும். அதைத் திருத்த 2019-ல் இயங்கு வரம்பின் ஆற்றலையே நரம்பு வலைக்குப் பிழை அளவுகோலாகத் தரும் முறை வெளியானது.

இதே காலத்தில் அரவிந்த் மருத்துவமனை வேறொரு வகை ஆய்விலும் பங்கேற்றது. நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியக் கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கிய நரம்பு வலை குறித்த கட்டுரை 2016-ல் வெளிவந்தது. அதன் பயிற்சிப் படங்களில் அரவிந்த் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. 2019-ல் வெளியான தொடர் ஆய்வு அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகியவற்றில் 3,049 நோயாளிகளிடம் அதைச் சோதித்தது. இத்தகைய வலை கோடு எதையும் வரைவதில்லை. படத்தைப் பார்த்து நோயின் நிலையை மட்டும் சொல்கிறது. முடிவுக்கு எப்படி வந்தது என்பதை மருத்துவர் நேரடியாகக் காண இயலாது. வட்டையும் குழியையும் வரைந்து காட்டும் முறையிலோ கோடு பிழையாக இருந்தால் மருத்துவர் கண்ணாலேயே கண்டு திருத்திவிடலாம்.

வரலாற்று இடம்

உருமாறும் மாதிரிகளின் வரலாறு பெரும்பாலும் சமன்பாடுகளின் வரலாறாக எழுதப்படுகிறது. மதுரை–ஐதராபாத் ஆய்வு அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2011-ன் கணிமுறை, குழாயின் வளைவை நம்பும் மருத்துவரின் பழக்கத்திலிருந்து பிறந்தது. அதன் தரம் மருத்துவர்களின் கோடுகளால் அளக்கப்பட்டது. பின்னர் வந்த நரம்பு வலைகள் அத்தகைய கோடுகளிலிருந்தே கற்றன. கணிமுறை ஒவ்வொன்றும் சில ஆண்டுகளில் பழையதாயிற்று. பொறுமையாக வரைந்து, வேறுபாட்டை மறைக்காமல் பதிந்து, பொதுவில் வைக்கப்பட்ட கோடுகள் பழையதாகவில்லை.

இந்த முறைகளின் பயன் இறுதியில் 2003-ன் கணக்கோடுதான் ஒப்பிடப்பட வேண்டும். திறந்த கோண வகை நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 93 பேர் அறியப்படாமல் இருந்த ஊர்ப்புறங்களில், பார்வை போகும் முன் எத்தனை பேர் கண்டறியப்படுகிறார்கள் என்பதே படத்தில் வரையப்படும் கோட்டின் உண்மையான அளவுகோல்.